ராத்திரியில் பார்த்த கூரை

ஊரில் யாராவது வீட்டுக்கு ஷீட் போடப் போகிறார்கள் என்றால் இப்போதெல்லாம் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. "நீங்க போட்டிருக்கீங்கல்ல, எந்த ஷீட்டு? எத்தனை எம்.எம்.? என்ன கலரு?" மூன்றே கேள்விகள்தான். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. பதில் சொல்லிவிட்டு போனை வைத்த பிறகு, ஏதோ பொய் சொன்ன மாதிரி உறுத்தும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே மூன்று கேள்விகளோடுதான் தர்மபுரிக்கும் ஓசூருக்கும் அலைந்தேன். கலரைத் தவிர மற்ற இரண்டிலும் சரியான முடிவுதான் எடுத்தேன் என்று இன்னமும் நம்புகிறேன். அப்படியும் ஒரு கோடை முழுக்க அந்தக் கூரைக்குக் கீழே மனுஷர் இருக்க முடியவில்லை. அது எனக்குத் தெரியவே பத்து மாதம் ஆயிற்று.

வீடு தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம். தாத்தா கட்டியது. கருங்கல்லும் மண் சாந்துமாக எழுப்பிய சுவர், மேலே நாட்டு ஓடு. ஓட்டைக் குரங்குகள் உடைத்தன, கைமரத்தைக் கரையான் தின்றது, மாற்றி வேய ஆள் கிடைக்கவில்லை. ஓடு வேயத் தெரிந்த கடைசிப் பெரியவருக்கு இப்போது ஏணியில் ஏற முடியாது. தளம் போடலாம் என்றால் மண் சாந்துச் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்காது, தூண் எழுப்பித்தான் போட வேண்டும், அது புது வீடு கட்டுகிற செலவு. சித்தப்பா சிமென்ட் ஷீட்டைச் சொன்னார். அதில் இருப்பது கல்நார். எந்த வகைக் கல்நாராக இருந்தாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. துளை போடும்போதும் உடையும்போதும் பறக்கிற தூள்தான் ஆபத்து. குரங்கு குதிக்கிற ஊரில் உடையாத கல்நார் ஷீட் எங்கே இருக்கிறது? வேண்டாம் என்றேன். மிச்சம் இருந்தது தகரம்தான்.

மைக்ரோமீட்டரோடு ஒரு வாடிக்கையாளர்

எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. பையில் மைக்ரோமீட்டரைப் போட்டுக்கொண்டு ஷீட் கடைக்குப் போன ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். "0.50 சார், ஹெவி" என்று கடைக்காரர் எடுத்துப் போட்ட துண்டை வைத்து அளந்தால் 0.46 காட்டியது. அவர் முகத்தில் கோபம் இல்லை, சலிப்புதான். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவோம்." இன்னொரு கடையில் 0.49. நல்ல சரக்கிலும் அந்த எண் முழுக்க எஃகு கிடையாது. இரண்டு பக்கமும் அலுமினியம்-துத்தநாகப் பூச்சு, அதன் மேல் பெயின்ட். சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு என்றால் இரு பக்கமும் சேர்த்து 0.04 மில்லிமீட்டர் அதிலேயே போய்விடும். பெயின்ட்டுக்கு இன்னும் 0.03. அரை மில்லிமீட்டர் என்று வாங்குகிற ஷீட்டில் எஃகு 0.43 இருந்தால் பெரிய விஷயம். துரு பிடிக்காமல் காப்பது அந்தப் பூச்சு. அதில் அலுமினியம் 55 சதவீதம், மீதி பெரும்பாலும் துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான். அது எத்தனை கிராம் என்று கடையில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் பில்லில் எழுதித் தருகிறவர்களும் அதிகம் இல்லை.

இதையெல்லாம் ஒரு வாரம் அலசி, பூச்சு எத்தனை கிராம் என்று ஷீட்டிலேயே அச்சிட்டிருந்த சரக்கை எடுத்தேன். கலர் விஷயத்தில் மட்டும் அக்கா வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "ஓட்டு வீடு மாதிரியே இருக்கணும் மாப்ள, செங்கல் கலரு போடு." அழகாகத்தான் இருந்தது. தெருமுனையிலிருந்து பார்த்தால் புது ஓடு வேய்ந்த மாதிரியே தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் விழுந்த கூரை

நான் இந்த வேலையில் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. அதற்குக் காரணம் என் புத்தியில்லை, முந்தின சித்திரையில் அடித்த ஒரு கோடை மழை. எங்கள் பக்கத்தில் கோடை மழை என்றால் முதலில் வருவது மழையில்லை, காற்று. செம்மண்ணை வாரிக்கொண்டு வரும், மாங்காயை உதிர்க்கும், அப்புறம்தான் நாலு தூற்றல். அன்றைக்கு மூன்றாவது வீட்டுக் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தக்காளித் தோட்டத்தில் போட்டது. விடிந்ததும் எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஷீட் கிழியவில்லை. ஒரு ஸ்க்ரூகூடப் பிடுங்கவில்லை. ஷீட், அதன் கீழே பைப், பைப்பின் நுனியில் சுவரோடு பிடித்திருந்த ஆங்கிள், ஆங்கிளோடு ஒட்டிய ஒரு கை மண் சாந்து, எல்லாம் கல்யாணப் பந்தலைத் தூக்கி வைத்த மாதிரி முழுசாகக் கிடந்தன. வீட்டுக்காரர் அந்த ஷீட்டைத் தட்டிப் பார்த்து, "ஹெவி ஷீட்டுதான் போட்டேன்" என்றார். ஹெவிதான். தப்பு ஷீட்டில் இல்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ. சாய்வு குறைந்த கூரையின் மேல் ஓடும் காற்று அதை அமுக்காது, மேல்நோக்கி உறிஞ்சும். ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இன்னும் அதிகம். அரை மில்லிமீட்டர் ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு நாலு, நாலரைக் கிலோ. எங்கள் வீட்டு ஓட்டை இறக்கியபோது இரண்டு டிராக்டர் லோடு. அதற்குப் பதிலாக ஏறிய ஷீட் மொத்தமும் 300 கிலோகூட இல்லை, ஒரு குட்டி யானையில் வந்து இறங்கியது. தாத்தாவின் கூரையில் ஆணி, போல்ட் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தன் கனத்திலேயே உட்கார்ந்திருந்தது. அந்தக் கனத்தை எடுத்துவிட்டால், அதற்கு ஈடாகக் கூரையை யாராவது கீழே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் சுவரின் தலையைச் சுற்றிலும் கம்பி வைத்து ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டோம். பெல்ட்டிலிருந்து கம்பிகளைக் கீழே கல் சுவருக்குள் நாலடி இறக்கி, துளையில் சாந்து ஊற்றிப் பிடித்தோம். கூரை ஓரத்து வரிசைகளில் ஸ்க்ரூவை நெருக்கமாக அடிக்கச் சொன்னேன். வெல்டிங் பட்டறைக்காரருக்கு என்மேல் எரிச்சல். ஷீட்டுக்கு ஆன செலவில் பாதி, கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிடிமானத்துக்கே போனது. அவரோடு எனக்கு இன்னொரு சண்டையும் நடந்தது. ஷீட்டைக் கட்டிங் மெஷினில் அறுத்தார். அந்தப் பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகும், மேலே தெறிக்கிற இரும்புத் தூள் ஒரே மழையில் துருப் புள்ளியாகிவிடும். ஈரச் சிமென்ட் பட்டாலும் இந்தப் பூச்சை அரித்துவிடும். சாயங்காலம் நானே மேலே ஏறி, ஸ்க்ரூ வரிசையில் மட்டும் காலை வைத்து, தென்னந் துடைப்பத்தால் கூட்டினேன். கீழே இருந்து அம்மா, "வாசலக் கூட்டுடான்னா கூட்ட மாட்ட" என்றார்.

சனிக்கிழமைகள்

ஆடியில் வேலை முடிந்தது. அதன் பிறகு நான் வீட்டைப் பார்த்ததெல்லாம் சனிக்கிழமை ராத்திரியில்தான். ஷிப்ட் முடிந்து ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்தால் வீடு சேர எட்டு, எட்டரை ஆகிவிடும். ஞாயிறு காலை கறி எடுத்து வந்து, சாப்பிட்டு, புளியமரத்தடியில் ஒரு தூக்கம், நாலு மணி பஸ். இந்தக் கால அட்டவணையில் கூரையைப் பற்றி என்ன தெரியும்? தகரத்துக்கு ஞாபகம் கிடையாது. வெயில் இறங்கின அரை மணியில் ஆறிவிடும். தளம் போட்ட வீடுகள்தான் பகல் சூட்டைச் சேர்த்து வைத்து நடுராத்திரி வரை இறக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு மாடிக்காரர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும்போது, நாங்கள் உள்ளே ஃபேனைக் குறைத்துப் போட்டுத் தூங்குவோம். "பாத்தியாம்மா?" என்பேன். "நல்லாத்தான்டா இருக்கு" என்பார்.

குறைகள் தெரியாமல் இல்லை. மழை பெய்தால் டிவியில் வாயசைப்பு மட்டும்தான். காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் கூரை டப்டப்பென்று சொடக்கு எடுக்கும். நாலு மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும், அந்தச் சத்தம். அம்மா அதைக் கேட்டுத்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரத்தைக் கணக்கு வைப்பதாகச் சொன்னார். மழைநீர் ஒரு லாபம். எங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, கறை படிந்த பற்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கூரை ஓரத்தில் ஒரு பி.வி.சி. குழாயைப் பிளந்து கட்டிவிட்டதில், ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 500 லிட்டருக்கு மேல் தொட்டியில் விழுந்தது. பருப்பு சீக்கிரம் வேகிறது என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

கம்பெனியில் எனக்கு அடுத்த மேஜைக்காரர் ஓசூரை அடுத்த தளிப் பக்கம். அவரும் இதே ஷீட்டைத்தான் போட்டிருந்தார். அவர் குறை வேறு மாதிரி. மார்கழி விடியலில் கூரையின் அடிப்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறதாம், மழையே இல்லாமல். மேகமில்லாத குளிர் ராத்திரியில் ஷீட் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளே இருப்பவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் அதில் போய்ப் படிந்து சொட்டும். ஓசூர்ப் பக்கம் கிட்டத்தட்ட 3,000 அடி உயரம், தர்மபுரி அதில் பாதி. இரண்டு மணி நேர பஸ் பயணத்துக்குள் ஒரே ஷீட் ஒரு இடத்தில் சொட்டுகிறது, ஒரு இடத்தில் சுடுகிறது. சுடுவது மட்டும் அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு புதன்கிழமை

போன வருடம் மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், பட்டா விஷயமாக ஒரு கையெழுத்துக்காக புதன்கிழமை லீவு போட்டு வந்தேன். வேலை பன்னிரண்டுக்கே முடிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன், ஒன்றரை மணி இருக்கும். கதவில் வெளிப்பக்கம் நாதாங்கி போட்டிருந்தது. செருப்பு வாசலில் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை, "உங்கம்மா இந்நேரத்துக்கு வீட்டுல எங்கடா இருக்கும், கொட்டாயில பாரு" என்றார்.

மாட்டுக் கொட்டகை. நாலு கல்லுக்கால், மேலே கரும்புச் சோகை, இரண்டு பக்கம் திறப்பு. பசு ஒரு பக்கம் அசைபோட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் கயிற்றுக் கட்டில். கட்டில் மட்டுமா? சொம்பு, விசிறி, மாத்திரை டப்பா, சார்ஜர் வயர், சாமி படம் போட்ட காலண்டர், மூங்கிலில் தொங்கிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு நாள் ரெண்டு நாளில் சேர்கிற சாமான் இல்லை அது. பங்குனியிலிருந்தே அங்கேதான் பகல் பொழுதாம். எழுந்து உட்கார்ந்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

"ஏம்மா, வீடு என்னாச்சு?"

"வீட்டுக்கு என்னா. ராத்திரிக்கு நல்லாத்தான இருக்குது."

கொட்டகையின் சோகையை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆலைக்கு வெட்டுகிற தோட்டத்திலிருந்து வாங்கி வந்து போடுவோம். அதை நான் மாற்றாமல் விட்டதற்கு ஒரே காரணம், மாட்டுக்கு எதற்குச் செலவு என்பதுதான். நல்லது என்று நான் நினைத்ததையெல்லாம் வீட்டுக்குச் செய்தேன். எதுவும் செய்யாமல் விட்டதால் மாடு பிழைத்துக்கொண்டது.

நாதாங்கியை நீக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருந்து பார்ப்போம் என்று போனவன் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். காற்று சுட்டது என்று சொல்ல முடியாது, தலை சுட்டது. புரோட்டாக் கடையில் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போது கன்னத்தில் படுமே, அந்தச் சூடு உச்சந்தலையில் பட்டது. ஃபேனை ஐந்தில் வைத்தால் முகட்டில் சேர்ந்திருந்த அனலை அது கீழே இறக்கிக் கொடுத்தது. பழைய ஓட்டுக் கூரையில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான சந்துகள். அடுப்புப் புகை அதன் வழியாகத்தான் போகும், அனலும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். தூசி விழுகிறது, பல்லி வருகிறது என்று முகடுவரைக்கும் நுரைப்பட்டை வைத்து அடைத்துக் கொடுத்தவன் நான்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து தொடாமல் வெப்பம் பார்க்கும் துப்பாக்கியை இரவல் வாங்கி வந்தேன். மத்தியானம் 2.10-க்கு நிழலில் காற்று 39. சோகையின் அடிப்பக்கம் 37. ஷீட்டின் அடிப்பக்கம் 58. அம்மாவிடம் காட்டினேன். "இதுக்கு மிஷினு வேணுமா?" என்றார்.

சோகையும் வலையும்

செங்கல் கலர் வெயிலில் கால்வாசியைத் திருப்பி அனுப்பினாலே பெரிது. நல்ல வெள்ளை முக்கால்வாசியை அனுப்பும். பெயின்ட் அடிக்காத வெறும் பளபள ஷீட் குளிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயிலை நன்றாகத்தான் திருப்பும், ஆனால் உள்வாங்கிய கொஞ்சச் சூட்டை வெளியே விடத் தெரியாத கஞ்சன். வெள்ளை பெயின்ட்டுக்கு இரண்டும் தெரியும். தெலங்கானாவில் 2023-லேயே குளிர்கூரைக்கென்று அரசு ஒரு கொள்கை கொண்டுவந்துவிட்டது. நான் அதே காலத்தில் தெருமுனையிலிருந்து எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் இதற்கெல்லாம் ஒரே தீர்வுதான் இருந்தது. "மாட்டுக்குப் போட்ட சோகைய ஷீட்டு மேலயும் போடு. முடிஞ்சுது." நான் மறுத்தேன். நனைந்த சோகை ஷீட்டின் பள்ளத்தில் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூச்சு போய்விடும். எலி வரும். ஒரு பொறி பட்டால் போச்சு. "மழைக்கு முன்ன எடுத்துட்டா?" என்றார். அதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. சித்திரையில் போட்டு ஆனியில் எடுப்பவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வருடா வருடம் மேலே ஏறப்போவது யார் என்பதில் பேச்சு நின்றது.

கடைசியில் மூன்று வேலைகள் செய்தேன். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரிலும் உடைத்து, அனல் வெளியே போக ஜாலிக் கல் வைத்தேன். ஷீட்டைத் தாங்குகிற குறுக்குப் பைப்புகளின் அடியில் அலுமினியப் படலம் ஒட்டிய விரிப்பை இழுத்துக் கட்டினேன். ஷீட்டுக்கும் படலத்துக்கும் நடுவே பைப்பின் இரண்டு அங்குலம் காற்றிடைவெளி கிடைத்தது, அந்த இடைவெளி இல்லாமல் ஷீட்டோடு ஒட்டியிருந்தால் படலத்தால் பயன் பெரிதாக இல்லை. அப்புறம் வலை. தளிக்காரர் சொந்தத்தில் குடைமிளகாய்ப் பசுமைக்குடில் வைத்திருக்கிறார்கள், அங்கே கழித்துப் போட்ட நிழல் வலையைச் சும்மா கொடுத்தார்கள். கூரைக்கு ஓரடி மேலே பைப் நட்டு அதை இழுத்துக் கட்டினோம். செங்கல் கலர் கூரைமேல் பச்சை வலை, பார்க்க நர்சரி மாதிரி இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

ஷீட்டின் அடிப்பக்கம் 47-க்கு இறங்கியது. கட்டிய படலத்தைத் துப்பாக்கியால் அளந்தால் 36 காட்டி ஆளை ஏமாற்றும், பளபளப்பில் தெரிவது தரையின் வெப்பம். அதில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, டேப்பை அளந்தேன். 41. ஆனாலும் அந்தச் சூட்டைப் படலம் கீழே அவ்வளவாக வீசாது. இருபது நிமிடத்தில் எழுந்து ஓடிய இடத்தில் ஒன்றரை மணி நேரம் தூங்கினேன், வியர்த்தது, ஆனால் தூங்கினேன். முதல் கோடை மழைக் காற்றில் வலையின் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்தது. விடிந்து பார்த்தால் அம்மா அதைப் பழைய புடவைக் கரையால் பைப்போடு இழுத்துக் கட்டியிருந்தார், மாட்டைக் கட்டுகிற அதே முடிச்சு. கயிற்றுக் கட்டில் மட்டும் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்காரர் கூப்பிட்டார். காரிமங்கலத்தில் தோட்டத்து வீட்டுக்கு ஷீட் போடப் போகிறாராம்.

"என்ன கலரு போடலாம் மாப்ள?"

"வெள்ளை போடுங்க மாமா."

"வெள்ளையா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே."

கலரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்காருங்கள், அதற்கப்புறம் இன்னும் ஷீட் மாற்றாத ஒரு வீட்டிலும் உட்காருங்கள், பிறகு பேசலாம் என்றேன்.

"ரெண்டு மணிக்கா? அந்த வெயில்ல எவன் மாப்ள வருவான்? சாயங்காலமா வரேன்."